ஒரு வேட்டி, இரண்டு கை

மாலை நான்கு பத்துக்கு மனைவி கைப்பேசியில் அழைத்தாள். வரும் வழியில் கொத்தமல்லித் தழை வாங்கி வரச் சொன்னாள். அந்த அழைப்பு இன்னும் என் கைப்பேசியில் அழியாமல் இருக்கிறது. அதனால்தான் நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். சரி என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டேன். அடுத்த வளைவில் சாலையில் கிடந்தேன்.

ஸ்கூட்டரை ஓட்டியவள் மகள். சேலத்தில் கல்லூரிக்குப் போய்விட்டு மாலை பஸ்ஸில் திரும்பி, வாழவந்தி ரோட்டில் இறங்குவாள். நான் வண்டியோடு காத்திருப்பேன். இறங்கியதும் சாவியை அவள் வாங்கிக்கொள்வாள், நான் பின்னால் உட்காருவேன். அது எங்கள் வழக்கம். அன்று மூடுபனி சீக்கிரமே இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வந்தாள். எஸ்டேட் வேலி உடைந்து கிடக்கும் வளைவில், சாலையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை நின்றது. அது எங்கள் மேல் பாயவில்லை. சும்மா நின்றது. மகள் பிரேக்கைப் பிடித்தாள், ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கியது. நான் இடது கையை ஊன்றி விழுந்தேன். காய்ந்த குச்சியை ஒடிப்பது போல உள்ளே ஒரு சத்தம் கேட்டது.

வலி வருவதற்கு முன் மகளைத் தேடினேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். காட்டெருமை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபக்கத் தோட்டத்துக்குள் நிதானமாக இறங்கிப் போனது.

பின்னால் ஜீப்பில் வந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எங்களை ஏற்றிக்கொண்டார். வழியில் மகளைச் சிரிக்கவைக்க ரைட்டர் தன்னாலானதைச் செய்தார்.

"ஹாரன் அடிச்சியா கண்ணு? அடிச்சிருந்தாலும் அது நவுராது. எங்க மேனேஜருக்கே அது வழி உடறதில்ல."

அவள் சிரிக்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், நல்லவேளை வலது கைக்கு ஒன்றுமில்லை, வேலைக்குச் சிரமம் இருக்காது என்று அன்பாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். மகள்தான் தலையைக் குனிந்துகொண்டாள். தறியில் வலது கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கும், அவ்வளவுதான் அதற்கு வேலை. குறுக்கே ஓடும் ஊடை நூலை, சீப்பு போன்ற அச்சால் அடித்து நெருக்குவது என் இடது கை. துணியைத் துணியாக்குவது அந்த அடி. அது அவளுக்கும் தெரியும்.

நான் வணிகவியல் படித்தவன். சேலத்தில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தறிக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடித்து உட்காரவைக்கவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதில் நான் கெட்டிக்காரன் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மனைவிக்கு இந்த மலையில் ஒரு வீடும் கொஞ்சம் காப்பிச் செடியும் வந்தபோது, தறியைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டோம். கீழே இருந்த கூட்டாளிகள் சிரித்தார்கள். உப்பே தண்ணீர் விடுகிற ஊரில் பட்டு நெய்யப் போகிறான் என்றார்கள்.

நெய்தேன். வெண்பட்டு வேட்டிதான் என் வேலை. தறி இருக்கும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைச் சாத்தியே வைத்திருப்பேன். நான் கால் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழிக்குள் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். அந்தச் சூட்டில் அறை காய்ந்திருக்கும். ஈரம் ஏறிய பட்டு லேசான அடிக்கே நெருங்கிவிடும். வழக்கமான அடியை அடித்தால் துணி அட்டை போலக் கெட்டியாகிவிடும். அதனால் கதவைத் திறந்தால் உடனே சாத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகள் நடக்கப் பழகியபோதே கற்றுக்கொண்ட சட்டம் அது. தலைக்கு மேலிருக்கும் தகரக் கூரையிலிருந்து அவள் கல்லூரிவரை எல்லாமே அந்த அறையிலிருந்து வந்ததுதான்.

நான் விழுந்த அன்று தறியில் ஒரு கல்யாண வேட்டி பாதியில் நின்றது. மாரமங்கலம் பக்கத்தில் காப்பியும் மிளகும் போடும் ஒரு குடும்பம். பெண்ணுக்குக் கார்த்திகையில் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வேட்டி. அதுவரை நான் நெய்ததெல்லாம் கீழே சேலத்துக் கடைகளுக்குப் போனது. மலைக்காரர்களும் கல்யாணமென்றால் பஸ் ஏறிச் சேலத்துக்குத்தான் போவார்கள். மலையிலேயே நெய்ததுதான் வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்து கேட்ட முதல் குடும்பம் இதுதான். இது நன்றாக அமைந்தால் அடுத்தடுத்த கல்யாணங்கள் வரும். கெட்டால் அதுவும் பரவும். மலையில் பேச்சு பஸ்ஸைவிட வேகமாகப் போகும்.

ஒரு துணிக்கு ஒரு கை என்பது நெசவில் எழுதாத விதி. ஒவ்வொருவர் அடிக்கும் ஒரு கனம் உண்டு. பாதி வேட்டியை ஒருவரும் மீதியை வேறொருவரும் நெய்தால், கை மாறிய இடத்தில் குறுக்கே ஒரு வரி விழும். பூப்போட்ட சேலையில் மறைந்துவிடும். கரையைத் தவிர வேறெதுவும் இல்லாத வெள்ளை வேட்டியில் அது எங்கே ஒளியும்? புதிதாக ஆரம்பிக்க என்னிடம் தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூல் வேறு இல்லை, முகூர்த்தத்துக்கு நாளும் இல்லை.

மறைக்க வேண்டாம் என்று மனைவி சொன்னாள். அதனால் பெண் வீட்டுக்கு நானே போன் செய்தேன். ரைட்டர் மூலம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பெண்ணின் அப்பா வருத்தப்பட்டுவிட்டு போனைத் தன் மனைவியிடம் கொடுத்தார். அந்தம்மா பிறந்த ஊர் தாரமங்கலத்துப் பக்கம், தறி இருக்கும் தெரு. அவரிடம் பூசி மெழுக முடியாது.

"கை ஒடிஞ்சது நொம்ப வருத்தமுங்க. உங்க ஊட்டுல யாரு உக்காந்து முடிச்சாலும் சரி. ஆனா கை மாறுன எடம் கண்ணுக்குத் தெரியக் கூடாதுங்க. நானே வந்து பாக்கறேன். தெரிஞ்சுதுன்னா நாங்க கடையில எடுத்துக்கறோம். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மகள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றாள். விழுந்த நாளிலிருந்து அவள் ஸ்கூட்டரைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நடந்தே போய் நடந்தே வந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் போனை வைத்ததும், தான் தறியில் உட்காருவதாகச் சொன்னாள்.

அவளுக்கு நெய்யத் தெரியும். கோடை விடுமுறைகளில் தனியாகவே பட்டுத் துண்டுகள் நெய்திருக்கிறாள், கடைக்காரர் குறை சொன்னதில்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். எனக்கு வேட்டியைப் பற்றிய பயம் ஒரு பங்கு என்றால், அவளைப் பற்றிய பயம் மூன்று பங்கு. அப்பாவின் கையை ஒடித்துவிட்டோம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வேட்டியும் திரும்பி வந்தால், அதையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அப்புறம் வண்டியையும் தொடமாட்டாள், தறியையும் தொடமாட்டாள். படித்த தகப்பன் என்பதால் இதையெல்லாம் அழகாக எடுத்துச் சொன்னேன். குற்றத்துக்குப் பரிகாரமாக யாரும் நெய்யக் கூடாது என்றேன்.

"பரிகாரமெல்லாம் இல்லப்பா. நான் உக்காரலைன்னா வேற யாரு உக்காருவா, அந்தக் காட்டெருமையா?" என்றாள்.

விழுந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் குத்தல் அது. எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் நான் பிடி கொடுக்கவில்லை. மனைவிதான் முடித்துவைத்தாள்.

"ஏனுங்க, அவ ஓட்டத் தெரியாம உழுகல. நெய்யத் தெரியாமயும் கேக்கல. வழிய உடுங்க."

விட்டேன். கை மாறும் இடத்தில், கரையோரம் ஒரு பச்சை நூலை அடையாளத்துக்குக் கட்டச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். குழிக்குள் பல்பு எரிந்தது. மகள் உட்கார்ந்து நாடாக் கயிற்றை இழுத்தாள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பலமாக, இன்னும் பலமாக என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தோளைக் கொடுத்து அடித்தாள். ஆனால் அவள் உடம்பு என் உடம்பில் பாதி. தோளைக் கொடுத்து அடித்தால் முதலில் சரியாக விழும், போகப் போகக் கனம் குறையும்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தோம். என் பகுதி பால் ஏடு போலக் கெட்டியாக இருந்தது. பச்சை நூலுக்கு இந்தப் பக்கம் விரலகலத்துக்குச் சரியாக வந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, அதற்கப்பால் வலை போல ஒளி கசிந்தது. யாருக்கும் தெரியும். தாரமங்கலத்து அம்மாவுக்கு பஸ்ஸில் இருந்தபடியே தெரியும்.

பிரித்தோம். நெய்த பட்டைப் பிரிப்பது சும்மா இல்லை. ஊடை நூலை ஒவ்வொன்றாக வெட்டி உருவ வேண்டும். உருவும்போது பாவு நூல் உரசிப் பஞ்சு எழும்பும். ஒருமுறை பிரித்தால் பாவு தாங்கும். இன்னொருமுறை தாங்காது. மனைவியும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து உருவினார்கள். ஒற்றைக் கையோடு நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். கடையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இப்போதே போன் செய்துவிட்டால், திரும்பிப் போன வேட்டி என்ற பேர் மகளுக்கு வராதே என்று யோசித்தேன். போனைக் கையில் எடுக்கவும் எடுத்தேன், உருவிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

அந்த மாலை மகள் மறுபடி உட்கார்ந்தாள். முதல் நாள் போலவே தோளைக் கொடுத்து அடித்தாள். எனக்குப் பக்கத்தில் உட்காரத் தைரியமில்லை. சமையலறையில் இருந்தேன். மனைவி அவளுக்குக் காப்பி கொண்டுபோனவள், ஒரு கையில் டம்ளரும் மறு கையில் ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகளுமாக இருந்ததால் கதவைச் சாத்தவில்லை. வெளிக்கதவும் திறந்திருந்தது. பனி வாசல் வழியாக வந்து கூடத்தைத் தாண்டி நேராகத் தறி அறைக்குள் நுழைந்தது. நான் பதறி எழுந்து கதவைச் சாத்தப் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

என் அடி கேட்டது. நான் சொல்வது மிகையில்லை. கால் நூற்றாண்டாக என் காதில் விழுந்துகொண்டிருக்கும் சத்தம் அது. அச்சு துணியில் போய் உட்காரும்போது வருகிற ஒரு மந்தமான தட். முதல் நாள் மகள் அடித்தபோது, ஆரம்பத்துச் சில அடிகளுக்குப் பிறகு அந்தச் சத்தம் ஒருமுறைகூட இப்படி வரவில்லை. இப்போது வந்தது. அவளோ தோளைக் கொடுத்து அடிக்கவில்லை. மணிக்கட்டால் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

நான் கதவில் கை வைத்ததும் திரும்பாமலே சொன்னாள்: "சாத்தாதீங்கப்பா. அச்சு நல்லா உக்காருது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஈரப் பட்டு லேசான அடிக்கே நெருங்கும் என்பது எனக்குத் தெரியாததா? என் கனத்த அடிக்கு அது எதிரி என்பதால் வருஷக்கணக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தவன் நான். அவள் அடிக்கு அதுவே துணை என்று எனக்குத் தோன்றவே இல்லை. காய்ந்த அறையில் நான் அடிக்கும் அடியும், பனி வந்த அறையில் அவள் அடிக்கும் அடியும் ஒரே துணியைத்தான் தரும். மனைவி தாரை ஒருமுறை தண்ணீரில் நனைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். தண்ணீர் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும், ஜரிகையிலும் கறை விடும் என்றேன். பனி அப்படியில்லை. எல்லா நூலிலும் ஒன்றுபோல ஏறும். பல்பை அணைத்தோம். ஜன்னலைத் திறக்கப் போனால் அது திறக்கவில்லை, சட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தது. மனைவி அரிவாளின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டித் திறந்தாள்.

காலையில் பார்த்தோம். ஒளி கசியவில்லை.

அதன்பிறகு பனி வரும் நேரமெல்லாம் நெசவு நேரம். விடிகாலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் கொஞ்சம், மாலையில் வந்ததும் கொஞ்சம். பனி விலகினால் அந்த வரியோடு கையை எடுத்துவிடுவாள். நான் வெளியே நின்று மேட்டுப் பக்கம் பார்த்து, வருகிறது, போகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒடிந்த கைக்காரனுக்கு ஏற்ற வேலை. ஆனால் முகூர்த்தம் நெருங்கும்போது வானம் வெளுத்துவிட்டது. காலையும் மாலையும் பளிச்சென்ற வெயில். மலை முழுக்கக் காப்பிக் களங்களில் பழத்தைக் கொட்டிக் கிளறினார்கள், எல்லோர் முகத்திலும் சந்தோஷம். எங்கள் வீட்டில் மட்டும் மூன்று பேர் ஜன்னலோரம் நின்றோம். அடுத்த வீட்டு அம்மா களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஊரே வெயில் வேணும்னு கும்புடுது. நீங்க மட்டும் பனி வேணும்னு நிக்கறீங்க. சாமி யாரு பேச்சத்தான் கேக்கும்?"

"உங்க காப்பி நாளைக்குங் காயுமுங்க. எங்க முகூர்த்தம் நாளைக்கு வராது," என்றாள் மனைவி.

அந்த வெயிலில் நான் ஒரு முறை தடுமாறினேன். பனிக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்துவிடு, இன்னும் பலமாக அடித்துப் பார்ப்போம் என்று மகளிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். பனி இல்லாமல் தன் கை தன் கையாகத்தான் இருக்கும் என்றாள். கல்லூரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு களத்துச் சுவரில் உட்கார்ந்து, வெயிலில் படித்தாள். அவள் அவ்வளவு நிதானமாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதற்றமெல்லாம் என்னிடம்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. இன்றும் ஸ்கூட்டர் சத்தம் வளைவில் கொஞ்சம் தாமதித்தால், செய்யும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

பிறகு மேகம் வந்தது, வந்தபடி தங்கியது. மகள் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கடைசிக் கரை முடிந்து வேட்டியை அறுத்து இறக்கினோம். நீட்டியிருக்கும் நூல் முனைகளைக் கத்தரித்துத் திருத்துவது மனைவியின் வேலை. அவள் முடித்த பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். பச்சை நூலைக் காணோம். அதையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த அடையாளம் இல்லாமல் நானே எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டேன்.

"அடையாளம் இருந்தா அந்தம்மாவுக்கு நாமளே வெரல் வெச்சுக் காட்டறாப்பல ஆயிருமுங்க. இல்லாம பாருங்க," என்றாள்.

பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வலது உள்ளங்கையால் தடவினேன். பாதிக்குக் கொஞ்சம் தள்ளி என்று தெரியும், ஆனால் எது பாதி? இங்கே என்று தோன்றும், திரும்பத் தடவினால் இல்லையென்று தோன்றும். வரி இல்லை என்பதை நெய்தவன் கை நம்பியது. தகப்பன் மனசு நம்பவில்லை.

சொன்னபடி அந்தம்மாவே வந்தார், காலை பஸ்ஸில், தனியாக. வெயில் அடித்தது. மனைவி உள்ளே வரச் சொன்னாள், காப்பி போடப் போனாள். அதெல்லாம் அப்புறம், முதலில் துணி என்றார். அறைக்குள் வேண்டாம், வெளியே வெளிச்சத்தில் பிரியுங்கள் என்றார். ஒரு முனையை மனைவியும் மறுமுனையை மகளும் பிடித்துக்கொண்டார்கள். அவர் வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக நின்றுகொண்டு, துணிக்குள் ஒளி பாயும்படி தூக்கிப் பிடிக்கச் சொன்னார். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி நடந்தார். பிறகு துணியைத் தாழ்த்தச் சொல்லி, உள்ளங்கையால் நீளத்துக்கும் தடவினார். பாதிக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நின்று, குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் அந்தம்மாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மேலே நகர்ந்தது.

கடைசியில் நிமிர்ந்து மகளைக் கேட்டார்: "எனக்கு எடம் சிக்கல கண்ணு. நீயே காட்டு. எங்கிருந்து உன்ற கை?"

மகள் தன் முனையை என் வலது கையில் கொடுத்துவிட்டுத் துணியோரமாக வந்தாள். ஓரிடத்தில் தொட்டாள். தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளித் தொட்டாள். குனிந்து பார்த்தாள். திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அந்தம்மா சிரித்துவிட்டார். மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"நெய்ஞ்சவளுக்கே எடந் தெரியல, நான் எதுக்குங்க வெயில்ல நின்னு தேடறேன்? மடிச்சுக் குடுங்க, பஸ் வந்துரும்."